வடக்குச் சுவரோரம் பதினொரு மீட்டர்

போன ஜனவரியில் மெரியல் மீது நாலு அங்குலத் தண்ணீர் நின்றது. ஸ்கேல் வைத்து அளந்தேன். மருந்துக்கடையில் வேலை, அளக்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

மெரியல் என் மனைவி. அதற்கு முந்தைய செப்டம்பரில் இறந்தாள். அந்தக் கோடையில் எங்கள் பக்கம் மழையே இல்லை. போதகர் க்ளெமென்ட் என்னைத் தேவாலயத்தின் வடக்குச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், கல்லறைத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் நல்ல இடம் இதுதான் என்றார். தரை பாறை மாதிரி இருந்தது. நானும் நம்பினேன். அக்டோபரில் மழை பிடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூரையின் பாதித் தண்ணீர் ஒரே மழைக்குழாய் வழியாக இறங்கியது. இறங்கிய பிறகு போக்கிடம் இல்லை. நேராக அவளிடம் வந்தது.

கடை திறக்கும் முன்பு வாளியோடு போய் இறைப்பேன். ஞாயிறுகளில் ஆராதனை முடிந்த பிறகு. இறைத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது இன்னொரு பிரச்சினை. அங்கே எந்தப் பக்கம் ஊற்றினாலும் யாரோ ஒருவர் மீதுதான் ஊற்ற வேண்டும். அதனால் வேலியோரத்து ஓடை வரை சுமந்தேன். பதினொரு மீட்டர். கல் நடவும் வழியில்லை. ஈரத்தில் நட்டால் ஒரே வருஷத்தில் சாய்ந்துவிடும் என்று கல்தச்சர் சொல்லிவிட்டார்.

டென்ஸில் வந்து பார்த்தார். எங்கள் நெதர்கோட் ஊரில் குட்டி பொக்லைன் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மெரியலுக்குக் குழி வெட்டியவரும் அவர்தான். மழைக்குழாயிலிருந்து ஓடைக்கு இரண்டடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, பிளாஸ்டிக் குழாய் பதித்து மூடிவிடலாம், காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும் என்றார். எனக்கு அன்றைக்கே செய்ய வேண்டும்போல இருந்தது.

போதகரிடம் சொன்னேன். அவர் ஆறு ஊர்களுக்குப் போதகர். எப்போதும் அடுத்த ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில்தான் இருப்பார். இந்தமுறை காரிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, என் தோளில் கை வைத்தார். மெரியல் இறந்த அன்றுகூட அவர் அவ்வளவு நேரம் கை வைக்கவில்லை.

"எட்மண்ட், மண்ணைத் தொடணும்னா குழுவுக்கு எழுதணும்ப்பா" என்றார்.

பேராய நிலத்தடி மரபுக் குழு. ஒன்பது பேர். வருஷத்துக்கு இரண்டுமுறை கூடுவார்கள், மார்ச்சிலும் ஜூலையிலும். எண்ணூறு வருஷத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு முள்ளங்கிகூட நடமுடியாது என்றார் போதகர். யாரும் நட்டதில்லை, ஆனால் கேட்டுப் பார்த்திருக்கிறார்களாம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. மெரியலுக்கு ஆறடி ஆழம் வெட்டினோம். அப்போது யாருக்கும் எழுதவில்லையே என்றேன். அடக்கம் செய்வது வேறு, அது கல்லறைத் தோட்டத்தின் இயல்பான உபயோகம் என்றார். வாய்க்கால் என்பது வளர்ச்சிப் பணி. ஆறடி வெட்டலாம், இரண்டடி வெட்டக்கூடாது. அவர் சொன்னபோது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போன பிறகு மறுபடி புரியாமல் போய்விட்டது.

மார்ச் கூட்டத்துக்கு என் மனு ஒன்பது நாள் தாமதம். ஜூலையில் ஒன்பது பேரும் நேரில் வந்தார்கள். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மெரியல் மீது புல் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. ஒன்பது பேரும் அரைவட்டமாக நின்று தண்ணீரைத் தேடினார்கள். நான் ஜனவரியில் எடுத்த போட்டோக்களைக் காட்டினேன். தலைவர் மார்டிமர் ப்ளைத், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதில் தண்ணீர் தெரிகிறது, ஆனால் தண்ணீரின் தொடர்ச்சி தெரியவில்லை என்றார். பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார்.

பிறகு தலைவர் என்னிடம் தனியாக, கனிவாகவே சொன்னார்.

"மிஸ்டர் வேக்லி, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்தத் தோட்டத்துல எண்ணூறு வருஷமா ஆளுங்க நனைஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தர்கூட எழுத்துமூலமா புகார் குடுத்ததில்ல."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

ஆனாலும் அனுமதி வந்தது. நாற்பத்தொரு பக்கம். அக்டோபர் பதினான்கு, பதினைந்து என்று இரண்டு நாள் மட்டும். பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் குழி மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டாலோ, இடையில் வேலை நிறுத்தப்பட்டாலோ, அனுமதி காலாவதி. மார்ச் கூட்டத்தில் புதிதாக மனுப் போட வேண்டும். அதாவது இன்னொரு குளிர்காலம். அந்த வரியை மட்டும் நாலுமுறை படித்தேன். மற்றபடி, பத்து பத்து சென்டிமீட்டராகத்தான் சுரண்ட வேண்டும். தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சுரண்ட வேண்டும். குழியைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடும் வரை குழாயைப் பதிக்கக்கூடாது. பொக்லைன் வாளிக்குப் பல் இருக்கக்கூடாது.

டென்ஸில் பக்கத்து ஊரிலிருந்து பல்லில்லாத வாளி ஒன்றை இரவல் வாங்கிவந்து மாட்டினார்.

"பல்லு வெச்சா செத்தவங்களக் கடிச்சிடுமாம் தம்பி" என்றார். "போன வருஷம் ஆறடி வெட்டினேனே, அப்ப என் வாளிக்கு வாய் நிறையப் பல்லு. அப்ப கடிக்காதா?"

ஆய்வாளர் காலை எட்டரைக்கு வந்தாள். பெயர் ரோவீனா. என் வயதுதான் இருக்கும், முப்பத்து நாலு. மஞ்சள் சட்டை, தலைக்கவசம், இரும்பு முனை வைத்த பூட்ஸ். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தவிர அங்கே எங்கள் தலையில் விழக்கூடியது எதுவும் இல்லை. எங்களுக்கும் ஆளுக்கொரு கவசம் கொடுத்தாள். அது முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

அவளுடைய வேலை, பார்த்துக்கொண்டிருப்பது. அவள் தோண்டமாட்டாள், டென்ஸில் தோண்டுவதைப் பார்ப்பாள். அவள் குனிந்து எழுதினால் இயந்திரம் நிற்க வேண்டும். தேநீர் குடித்தால் நிற்க வேண்டும். போன் வந்தால் நிற்க வேண்டும். ஒருதடவை தும்மினாள், டென்ஸில் தானாகவே நிறுத்திவிட்டார்.

"கண்ணச் சிமிட்டினா என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

அவள் உண்மையாகவே காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். "சிமிட்டறதப் பத்தி ஒண்ணும் போடல."

பதினோரு மணிக்குள் ஒன்றரை மீட்டர் ஆகியிருந்தது. ஒரு ஆணி, ஒரு உடைந்த புகைக்குழாயின் காம்பு, ஒரு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட். மூன்றும் தனித்தனி உறைகளில் போடப்பட்டு எண் பெற்றன. வறுவல் பாக்கெட் எண் மூன்று. அது டென்ஸிலுடையது என்று அவரே சொன்னார். போன வருஷம் இங்கே வேலை செய்தபோது தின்றது. ரோவீனா அதையும் குறித்துக்கொண்டாள். சாட்சியம் உள்ள ஒரே பொருள் அதுதானாம்.

பிறகு பக்கத்துக் கல்லறைகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். மெரியலிடம் வந்ததும், இது யார் என்று கேட்டாள். என் மனைவி என்றேன். மன்னிக்கச் சொன்னாள். பிறகு, கல் இல்லாததால் "அடையாளமற்ற குழி" என்றுதான் எழுத முடியும் என்று சொல்லி, அதற்கும் மன்னிக்கச் சொன்னாள். படிவத்தின் கடைசியில் முக்கியத்துவம் என்று ஒரு கட்டம். நாட்டளவில், வட்டார அளவில், உள்ளூர் அளவில், ஏதுமில்லை.

"நூறு வருஷம் ஆகாததுக்கெல்லாம் ஏதுமில்லைன்னுதான் போடணும் சார். விதி அப்படி."

"நூறு வருஷம் ஆனா?"

"உள்ளூர் அளவுக்கு ஏறலாம்."

சரி என்றேன். டென்ஸில் சும்மா உறுமிக்கொண்டிருந்த இயந்திரத்தை அணைத்தார். அவள் தும்மவும் இல்லை, எழுதவும் இல்லை. பேனாவைக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எதையும் குறிக்காமல் அடுத்த படிவத்துக்குத் திருப்பிவிட்டாள்.

மதியத்துக்கு மேல் மண்ணின் நிறம் மாறியது. மழைக்குழாய் பக்கத்திலிருந்து ஓடையை நோக்கி, ஒன்றரை அடி அகலத்தில், ஓரங்கள் நேராக வெட்டியதுபோல ஒரு கருப்புப் பட்டை. ரோவீனா கையைத் தூக்கினாள். இயந்திரம் நின்றது. அவள் முழங்காலில் உட்கார்ந்து கரணையால் சுரண்ட ஆரம்பித்தாள். அதன்பிறகு பார்ப்பது என் வேலையாகவும் டென்ஸிலின் வேலையாகவும் ஆனது.

இது பழைய குழி என்றாள். யாரோ முன்பே வெட்டி மூடியது. மண் இளகலாக இருந்ததால், அவள் பார்க்க, டென்ஸில் அதை ஓடை வரை திறந்தார். எலும்பு இருக்குமோ என்று எனக்குப் பயம். எலும்பு வந்தால் வேலை நிற்கும். எலும்பு வரவில்லை. நாலு மணிக்கு அடிமட்டத்தில் ஒரு நாணயம் கிடைத்தது. ஒரு பென்னி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு.

ரோவீனா சிரித்தாள். வந்ததிலிருந்து முதல்முறை. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். தோண்டிப் பார்த்த குழியை மூடும்போது, அடியில் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பின்னால் தோண்ட வருபவர், நமக்கு முன்பே இங்கே நம்மாள் வந்து பார்த்துவிட்டான் என்று தெரிந்துகொள்வதற்கு.

"அப்ப பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. நாளைக்குக் குழாயப் போட்டுடலாமா?" என்றார் டென்ஸில்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட குழி எதுவானாலும் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தலைவர் ப்ளைத் வந்துவிட்டார், புது ரப்பர் பூட்ஸோடு. அவருக்கு முன்னால் ரோவீனா எண்பத்து நாலாம் வருஷத்துக் குழியின் அடியை இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். அதற்குக் கீழே இன்னொரு குழி இருந்தது. அதே நேர்கோடு, கொஞ்சம் அகலம் கூட. பத்தரைக்கு அதன் அடியிலிருந்தும் ஒரு பென்னி வந்தது, பெரிய சைஸ். ஜார்ஜ் மன்னர் தலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது.

தலைவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பேராய அலுவலகத்துக்குப் போன் போட்டு, பழைய கோப்புகளைத் தேடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இரண்டும் கிடைத்தன. இரண்டின் தலைப்பும் ஒன்று: நெதர்கோட், வடக்குச் சுவரோர வடிகால். இருபத்தொன்பதில் வடிகாலுக்கு வெட்டியிருக்கிறார்கள். மண் சுவாரசியமாக இருந்ததால் குறிப்பெழுதி மூடிவிட்டார்கள். எண்பத்து நாலில் மறுபடி வடிகாலுக்கு வெட்டியிருக்கிறார்கள். இருபத்தொன்பதாம் வருஷத்துக் குழி கிடைத்ததால் வேலையை நிறுத்திக் குறிப்பெழுதி மூடிவிட்டார்கள். இரண்டுமுறையும் குழு உறுப்பினர்களுக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருந்தது.

தலைவர் போனை வைத்துவிட்டுக் குழியோரம் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்றே நினைக்கிறேன்.

"மிஸ்டர் வேக்லி, கோவிலப் பத்தின தொல்லியல் எல்லா ஊர்லயும் இருக்கு. எங்க குழுவப் பத்தின தொல்லியல் இந்த ஒரு ஊர்லதான் இருக்கு. மூணு தலைமுறையா இதே எடத்துல நின்னு பாத்திருக்கோம். இப்படி ஒரு தொடர்ச்சி வேற எங்க இருக்கு, சொல்லுங்க."

"குழாய் சார்?" என்றேன்.

"குழாயா? அன்னிக்கே குழாயப் போட்டிருந்தா இன்னிக்கு நமக்கு இதெல்லாம் கிடைச்சிருக்குமா?"

வேலை இத்துடன் நிறுத்தப்படுகிறது என்றார். குழியை அப்படியே பாதுகாத்து மூட வேண்டும். வடிகாலைப் பற்றி மார்ச்சில் அனுதாபத்தோடு பரிசீலிக்கப்படும். ஜூலைக்குள் முடிவு தெரியலாம்.

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. கொண்டுவந்த சீஸ் ரொட்டியைப் பிரித்தேன், மூடிவைத்தேன். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. டென்ஸில் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து, தலைவருக்குக் கேட்கும்படி, ஆனால் தலைவரைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு தடவ இவங்க பாத்தாங்களாம். ரெண்டு தடவயும் தண்ணி அங்கயேதான் இருந்திருக்கு. அது மட்டும் யார் கண்ணுலயும் படல."

தலைவர் அதைத் தோட்டத்தின் பொதுவான நிலைமை பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

மூன்று மணிக்கு மூடும் ஏற்பாடு தொடங்கியது. ரோவீனா முப்பத்தெட்டாம் பக்கத்தை வாசித்தாள்: எதிர்காலத்தவர் அறியும்பொருட்டு, தேதி தெரியக்கூடிய நவீனப் பொருள் ஒன்றைக் குழியின் அடியில் இடுதல் வேண்டும். பர்ஸைத் திறந்து இந்த வருஷத்து நாணயம் தேடினாள். நேற்று எண்பத்து நாலாம் வருஷத்து நாணயம் மயிரிழையில்தான் தப்பியது, வாளி இன்னும் இரண்டு விரல் ஆழம் போயிருந்தால் அள்ளிப் போயிருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

தலைவர் முகம் மாறியது. "அள்ளிப் போயிருந்தா?"

"நாம இங்க வந்திருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார்."

அது அவரை உலுக்கிவிட்டது. ஒரு நாணயத்தை நம்பி எப்படி விடுவது என்றார். இன்னும் பெரிதாக எதாவது வேண்டும். அசையாதது, மட்காதது, தேதியோடு இருப்பது. சுற்றிலும் பார்த்தார். ரோவீனாவும் சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை சுவரோரம் அடுக்கியிருந்த குழாய்கள் மீது வந்து, அங்கிருந்து என் மீது வந்து, பிறகு காகிதத்துக்குப் போய்விட்டது.

மருந்துக்கடையில் என் வேலை பாதிக்கு மேல் தேதி பார்ப்பதுதான். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதிதான் என் கண்ணில் படும். குழாய்கள் வந்து இறங்கிய அன்றே பார்த்திருந்தேன்.

"அந்தக் குழாய்ல தேதி அச்சடிச்சிருக்கு சார். நாள், மாசம், வருஷம்."

தலைவர் நடந்துபோய்க் குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"எத்தன எடத்துல?"

"மீட்டருக்கு ஒண்ணு. மொத்தம் பதினொண்ணு."

"பதினொண்ணு" என்றார் மெதுவாக, நற்கருணை வாங்கியவர்போல. "இருபத்தொன்பதுல ஒண்ணு. எண்பத்து நாலுல ஒண்ணு. நாம பதினொண்ணு."

அதன்பிறகு எல்லாம் அவரே சொன்னார். குழாய்களைத் தனித்தனியாகப் போட்டால் மண்ணில் நகர்ந்துவிடும், ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். சரிவு எப்படி வைப்பது என்று டென்ஸில் பணிவாகக் கேட்டார். முன்னோர் வெட்டிய சரிவு எதுவோ அதையே பின்பற்ற வேண்டும் என்றார் தலைவர். அது ஓடையை நோக்கி இருந்தது. இரண்டு முனையும் வெளியே தெரிந்தால்தானே அடுத்து வருபவர்களுக்குக் கண்டுபிடிக்கச் சுலபம் என்றார் டென்ஸில். நிச்சயமாக என்றார் தலைவர்.

"மேல்முனைக்கு எது நல்ல அடையாளம் சார்? அந்த மழைக்குழாய் எங்கயும் போகாது. அதுக்கு நேர் கீழ வெச்சுடட்டுமா?"

"நேர் கீழேயே வைங்க. குறிப்புல எழுதிக்கோம்மா."

ரோவீனா எழுதினாள். டென்ஸில் மேல்முனையில் ஒரு வளைவுத் துண்டை மாட்டி, அதற்குள் மழைக்குழாயைச் செருகினார். குழியோரம் கறுப்பு வெள்ளைக் கம்பம் ஒன்றை வைத்து அவள் பன்னிரண்டு போட்டோ எடுத்தாள். தலைவர் ஒன்றில் நின்றார். கிளம்பும் முன்பு, குழப்பம் வந்துவிடக்கூடாது என்பதற்காக, குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லி வார்த்தை வார்த்தையாக எடுத்துக்கொடுத்தார்: பதிக்கப்பட்டது வடிகால் அல்ல, காலக்குறி. ரோவீனா அடியில் கையெழுத்துப் போட்டாள். நாலு நாற்பதுக்குக் குழி மூடியாயிற்று.

கிளம்பும்போது அவள் என்னிடம் கை கொடுத்தாள். மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மழை அன்றைக்கு வரவில்லை. பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில் வந்தது. கூரையில் அது விழும் சத்தத்தில் போதகரின் பிரசங்கம் கேட்கவில்லை. முடிந்ததும் வடக்குப் பக்கம் போனேன். மழைக்குழாய் குலுங்கிக்கொண்டிருந்தது. ஓடையோரம் காலக்குறியின் கீழ்முனையிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் தண்ணீர் கொட்டியது. மெரியல் மீது புல் நனைந்திருந்தது. அவ்வளவுதான். மழையில் நனையும் புல், வேறெங்கும் இருப்பதைப்போல. கையால் தொட்டுப் பார்த்தேன். தரை கெட்டியாக இருந்தது.

போதகர் அடுத்த ஊருக்குப் போகும் வழியில் குடையோடு எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நிக்கலியே?"

"இல்ல ஐயா."

"அப்பாடா. இனிமே நீ இங்க மழையில வந்து கஷ்டப்பட வேண்டாம். உனக்கு இங்க வேலையே இல்ல."

"இல்ல" என்றேன்.

அவர் கார் போகும் சத்தம் கேட்டது. ஒரு வருஷமாகத் தண்ணீரைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நிற்கிறது, எத்தனை வாளி, எத்தனை நடை. இப்போது பார்ப்பதற்கு அவள்தான் இருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மழை விட்ட பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.